புது மியூசிக் பிளேயர் – கடிதம்

வணக்கம் சார்,

விரைவில் கடைக்கு வரப்போகும் ஒரு கையடக்க மியூசிக் பிளேயருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்கிறார்கள். விலை ஆயிரம் வெள்ளிக்கு மேல். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டியில் பாட்டுதான் துணை, பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா. கைப்பேசியைவிட இதில் ஒலி நன்றாக இருக்குமா?

ஆர்., ஈசூன்

அன்புள்ள ஆர்.,

384 வரை எழுதிவிட்டீர்கள், எந்த இயர்போன் என்று எழுதவில்லையே! எனக்கு அதுதான் முதல் கேள்வி.

புளூடூத் என்றால் இந்தப் பிளேயரை மறந்துவிடலாம். பாட்டை ஒலியாக மாற்றும் டாக் சிப் இயர்போனுக்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிளேயரின் டாக் சும்மா உட்கார்ந்திருக்கும். தரமானது என்று பேர் வாங்கிய எல்டாக் என்ற புளூடூத் முறையிலும் நொடிக்கு 990 கிலோபிட்தான் போகும். சாதாரண சிடிக்கே 1,411 வேண்டும்.

வயர் இயர்போன் என்றால் பேச்சு வேறு. 300 ஓம் மின்தடை உள்ள ஹெட்போனைக் கைப்பேசியில் செருகினால் சத்தம் பற்றாது, நல்ல பிளேயர் அதை அனாயாசமாக இழுக்கும். நுட்பமான இன்-இயர் வகைக்கு நேர்மாறான பிரச்சினை. அதற்குச் சக்தி போதும், ஆனால் பிளேயரில் துளி இரைச்சல் இருந்தாலும் 'உஸ்' என்று கேட்டுவிடும். பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியீட்டு முனையின் மின்தடை, இயர்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. கூடினால் சில இயர்போன்களில் பேஸ், டிரெபிள் அளவெல்லாம் மாறிவிடும். விளம்பரத்தில் இந்த எண்ணைத்தான் தேடவேண்டும், பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும்.

384 கிலோஹெர்ட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம், அது ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறார்கள் என்ற கணக்கு. சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸே 20 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை முழுசாகப் பிடித்துவிடும். இளம் காதுக்கு எட்டுவதே அவ்வளவுதான். நீங்களும் என் வயது போலத் தெரிகிறது, நமக்கு 15 எட்டினாலே பெரிய விஷயம். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சிடியின் 16 பிட் தரும் 96 டெசிபலில் ஒரு பெரிய பகுதி எம்ஆர்டி இரைச்சலிலேயே மூழ்கிப்போகும். அந்தக் காலப் பாட்டுகளில் பெரும்பாலானவை காந்த நாடாவில் பதிவானவை. நாடாவின் இரைச்சல் 16 பிட்டில் பதியக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கு மேலேயே நிற்கும். அப்புறம் உங்களிடம் உள்ள கோப்புகள் எங்கிருந்து வந்தவை? தேய்ந்த கேசட்டிலிருந்து எடுத்த எம்பி3யை, தரம் குறையாமல் சேமிக்கும் எஃப்எல்ஏசி கோப்பாக்கி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். தொலைந்தது தொலைந்ததுதான். பிளேயருக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல சிடிகளுக்குச் செலவழியுங்கள்.

நம் சிங்கப்பூருக்கு இந்தப் பித்து புதிதல்ல. சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் ஐபாடுக்கு ஒரு வருடம் முன்பே, 2000இல், நோமாட் ஜூக்பாக்ஸ் என்ற மியூசிக் பிளேயரைக் கொண்டுவந்தது. பின்னால் பேட்டன்ட் தகராறில் 2006இல் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமாதானமானது.

சரி, வாங்கலாமா? கைப்பேசியின் அழைப்புத் தொந்தரவு இல்லாமல் பாட்டு கேட்கத் தனிக் கருவி வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், அது நியாயமான ஆசை. ஒலிக்காக மட்டும் என்றால், நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் சின்ன யுஎஸ்பி டாக்கைக் கைப்பேசியில் செருகிப் பாருங்கள். பிளேயர் வந்ததும் கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபியில் உள்ள ஆடியோ கடைகளில் விசாரியுங்கள். சொந்த இயர்போனையும் நன்கு பழகிய பாட்டையும் கொண்டுபோய், பிளேயர், கைப்பேசி இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவுக்கு வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். விற்பவருக்கும் இது தெரியும்.