தோடியும் கீபோர்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு ஃப்யூஷன் கச்சேரிக்குப் போயிருந்தேன். வாய்ப்பாட்டு, கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடினார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு மட்டும் ஏதோ நெருடியது. உடன் வந்த நண்பர், "நீ பழமைவாதி. வயலினே வெளியிலிருந்து வந்ததுதானே?" என்று மடக்கிவிட்டார். நான் பழமைவாதிதானா?

ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

வயலின் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அந்த உதாரணம் உங்களுக்குத்தான் சாதகம்.

முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்கு, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் யானைத்தந்த வேலைப்பாட்டுடன் ஒரு வயலினைப் பரிசளித்தார். இங்கே வந்தபின் அந்த வாத்தியம் என்ன பாடுபட்டது என்று பாருங்கள். நின்றபடி தோளில் வைத்து வாசித்ததைத் தரையில் உட்கார வைத்தார்கள். தலைப்பகுதி கணுக்காலில் ஊன்றிக்கொண்டது. வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாமல் போனதால் இடது கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓடியது. சுருதி கூட்டுவதும் ச-ப-ச-ப என்று மாறியது. கமகத்துக்காக, அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் இசைப்பதற்காக, ஒரு வாத்தியம் உட்காரும் விதத்தையே மாற்றிக்கொண்டிருக்கிறது. கலப்பு என்றால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் இறங்கி வந்தது?

உங்கள் கச்சேரியில் இறங்கி வந்தது தோடி. அதன் காந்தாரம் (ச-ரி-க-ம-வில் வரும் 'க') ஓரிடத்தில் நிற்காது. கீழே ரிஷபத்தை ('ரி') தொட்டு, மேலே மத்யமத்தை ('ம') எட்டி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம் சுரத்துக்குப் போட்ட நகை இல்லை, சுரமே அதுதான். கீபோர்டிலோ அதற்கு ஒரே ஒரு கட்டை. அதை அழுத்தி, மேலும் இரண்டு சுரங்களைச் சேர்த்து ஒரு கார்டாகப் பிடித்துவிட்டால், பாடுபவரின் காந்தாரம் பெரும்பாலான நேரம் அந்தக் கார்டோடு உரசும். உரசல் காதில் விழுந்ததும் பாடகர் தன்னையறியாமல் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வார். அப்புறம் தோடியின் சுரங்கள் எல்லாம் இருக்கும், தோடி இருக்காது. உங்களுக்கு நெருடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

(ஆல் இந்தியா ரேடியோ 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்குப் பின்னால் இருந்த வாதங்களில் இதுவும் ஒன்று. வாதம் சரி, தடை அபத்தம்.)

இதனால் எல்லா ஃப்யூஷனும் வீண் என்று நான் சொல்வதாக உங்கள் நண்பர் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுபதுகளின் 'சக்தி' குழுவை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜான் மெக்லாக்லின் ஜாஸ் கிட்டாரிஸ்ட். அந்தக் குழு அமைவதற்கு முன்பே டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதற்காக, ஃப்ரெட்டுகளுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள்) இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். கூடவே அதிர்வதற்குத் தனித் தந்திகள் வேறு. டிரம் செட் கிடையாது. விக்கு விநாயக்ராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும்தான். எல்.சங்கரின் வயலினும் கிட்டாரும் சந்தித்துக்கொள்வது பெரும்பாலும் தாளத்தில். அங்கே யாரும் யார் காலையும் மிதிக்கத் தேவையில்லை. இப்போதும் அந்தப் பதிவுகளைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள், அதாவது மேலைநாட்டு மெட்டுகளுக்கு அவர் எழுதிய பாடல்கள், இன்னொரு வழி. பிரிட்டிஷ் தேசியகீதத்தின் மெட்டுக்கு அவர் 'ஸந்ததம் பாஹிமாம்' என்று சாகித்யம் எழுதினார். சங்கராபரண ராகத்தின் சுரங்கள்தான், ஆனால் கமகத்தை அதில் திணிக்கவில்லை. பாண்டு வாத்தியக்காரர்களின் மெட்டு அப்படியே நேராக நடக்கிறது. எங்கே எது ஒட்டாது என்று தெரிந்தவருடைய வேலை அது.

உங்கள் கச்சேரிக்காரர்கள் சாருகேசியையோ ஹம்சத்வனியையோ எடுத்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது. கார்டோடு ஓரளவு ஒத்துப்போகும் ராகங்கள் அவை. இருக்கிற ராகங்களில் தோடியைத் தேர்ந்தெடுத்தது யாரோ, அவரைத்தான் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அடுத்த முறை போனால் ஆலாபனையின்போது (தாளமில்லாமல் ராகத்தை விரிக்கும் பகுதி) கீபோர்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்துவிட்டு எழுதுங்கள். சட்ஜ பஞ்சமத்தை (ச, ப) மட்டும் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார் என்றால் அந்தக் குழுவை நானும் வந்து கேட்கிறேன்.

அன்புடன்