அடேலின் '21': கேள்விகளும் பதில்களும்

'21' என்று ஏன் பெயர் வைத்தார்?

'21' இங்கிலாந்துப் பாடகி அடேலின் இரண்டாவது ஆல்பம். அதன் பாடல்களில் பெரும்பகுதியை எழுதியபோது அவருக்கு வயது 21. அதற்கு முன் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் '19'. '21' 2011 ஜனவரியில் வந்தது.

'ரோலிங் இன் தி டீப்' பாட்டில் குரல் கரகரவென்று இருக்கிறதே, பிறகு ஸ்டுடியோவில் சேர்த்த வேலையா?

இல்லை, நேர்மாறாக நடந்தது. காதல் முறிந்த கையோடு அடேல் தயாரிப்பாளர் பால் எப்வொர்த்தின் ஸ்டுடியோவுக்குப் போகிறார். சோகமாக ஒரு மெதுவான பாட்டு எழுதலாம் என்பது அவர் எண்ணம். எப்வொர்த் அதற்குச் சம்மதிக்காமல், அந்தக் கோபத்தையே பாட்டாக்கச் சொல்கிறார். அப்போது பதிவான டெமோ (மாதிரிப் பதிவு) குரலைத்தான் நாம் இன்றும் கேட்கிறோம். பிறகு மறுபடி பாடிப் பார்த்தும் அந்த வேகம் வரவில்லை. தொடக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள்: ஒரு கிட்டாரும் குரலும் மட்டும். அப்புறம்தான் டிரம் மெல்ல உள்ளே வரும். அந்த இடைவெளியில் அவர் எதையும் மறைத்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

அக்கா, 'சம்ஒன் லைக் யூ' கேட்டால் அழுகை வருகிறது. வெறும் பியானோதானே?

பியானோ மட்டும் என்பதால்தான் வருகிறது தம்பி. சரணத்தில் தணிந்த குரலில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடுகிறார். பல்லவிக்கு வந்ததும் குரல் சட்டென்று மேலே ஏறுகிறது. அங்கே சில சுரங்களைக் கவனி. பியானோவின் இசைவோடு ஒரு கணம் மோதி, உடனே சரியான இடத்தில் வந்து அமரும். மனம் இறுகித் தளர்வது அந்த மோதலில்தான். மேற்கத்திய இசையில் இதற்கு அப்பாஜியாட்டுரா என்று பெயர்.

இதுவும் டெமோதான். பாடலாசிரியர் டான் வில்சனோடு சேர்ந்து எழுதினார், பியானோ வாசித்ததும் வில்சனே. மேலே வயலின்கள் எதுவும் சேர்க்காமல் விட்டது பெரிய முடிவு. 2011 பிப்ரவரியில் பிரிட்டனின் இசை விருதான பிரிட் விருது விழா மேடையிலும் பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடினார். அதன் பிறகு இங்கிலாந்துத் தரவரிசையில் பாட்டு முதலிடத்துக்குப் போனது.

'லவ்சாங்' அவர் எழுதியதா?

இல்லை, 'தி கியூர்' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாட்டு. அடேலின் அம்மா அந்தக் குழுவின் ரசிகை. ரிக் ரூபின் தயாரிப்பில் அதை நிதானமாக்கி, பக்கத்தில் நின்று பாடுவது போல ஆக்கியிருக்கிறார்கள். ஆல்பத்தில் பலர் தாண்டிப் போகும் பாட்டு இது, தாண்டாதீர்கள்.

உங்களுக்குப் பிடிக்காத பாட்டு உண்டா?

'செட் ஃபயர் டு தி ரெயின்' பாட்டில் மெட்டும் குரலும் அருமை. ஆனால் பின்னணியில் வாத்தியங்கள் அதிகம். இந்தக் குரலுக்கு அவ்வளவு துணை வேண்டியதில்லை என்பது என் கருத்து. அந்தப் பிரம்மாண்டத்துக்காகவே அதை விரும்புகிறவர்களும் நிறைய.

கிராமி எத்தனை வாங்கியது?

2012 விழாவில் அடேல் ஆறு விருதுகள் வாங்கினார், ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட.

கூடவே பாடிப் பழகுகிறேன், தொண்டை வலிக்கிறது. என்ன செய்ய?

முதலில் நிறுத்துங்கள். வலியோடு பாடுவது பயிற்சி ஆகாது. அடேலே 2011 நவம்பரில் குரல் நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அந்தக் கிராமி விழா மேடைதான் அதற்குப் பிறகு அவர் பாடிய முதல் மேடை.

வலி போன பிறகு சுருதியை ஒன்றிரண்டு படி இறக்கிக்கொண்டு தொடங்குங்கள். உச்ச வரிகளைக் கத்தாமல், மூச்சை முன்கூட்டியே எடுத்துப் பாதி சத்தத்தில் பாடுங்கள். அவரைப் போலக் கரகரப்பை வரவழைக்க முயல வேண்டாம். இரண்டு வாரம் ஆகியும் குரல் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.