அப்பாவின் பயாப்சியில் (குடல் திசுப் பரிசோதனை) ‘குடல் ஸ்பைரோகீட்டோசிஸ்’ என்று வந்திருக்கிறது, இது சிபிலிஸ் என்ற பால்வினை நோயா?

இல்லை, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்று கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து, ரிப்போர்ட்டை கூகுளில் தேடியதும் சிபிலிஸ் வந்து நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஸ்பைரோகீட் என்றால் சுருள் வடிவக் கிருமி. சிபிலிஸ், எலிக்காய்ச்சல் கிருமிகளும் சுருள் வடிவம்தான், ஆனால் அப்பாவுக்கு வந்திருப்பது பிராக்கிஸ்பைரா என்ற வேறு இனம். மனிதர்களிடம் ஆல்போர்கி, பைலோசிகோலி என்று இரண்டு வகை முக்கியமானவை, பைலோசிகோலி பன்றி, கோழிகளிடமும் உண்டு.

இவை பெருங்குடலின் உட்சுவர் செல்களில் ஒரு முனையை ஊன்றி, கேழ்வரகு நாற்று மாதிரி நெருக்கமாக நிற்கும், நுண்ணோக்கியில் அது நீல விளிம்பாகத் தெரியும். 1967-ல்தான் ஹார்லண்ட், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். கேமராவில் குடல் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், அதனால் பயாப்சி எடுத்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பலருக்கு இது எந்தத் தொந்தரவும் தராது, அவர்களுக்கு மருந்தும் தேவைப்படாது. அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு இருப்பதால் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கலாம், ஆனால் மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவும் நாட்களும் டாக்டர் சொல்லட்டும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால், டாக்டர் அந்தப் பரிசோதனை கேட்டால் தயங்காமல் செய்துவிடுங்கள். மலத்தில் ரத்தம், எடை குறைவு இருந்தால் எல்லாவற்றுக்கும் இந்தக் கிருமிதான் காரணம் என்று விட்டுவிடாமல் வேறு காரணமும் தேடச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர். மலம் கலந்த நீர் வழியாகப் பரவுவதாகக் கருதப்படுவதால், ஒகேனக்கல் தண்ணீரோ போர் தண்ணீரோ, கொதிக்க வைத்தே குடியுங்கள். (நம் தர்மபுரி மாவட்டத்துத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு கொதித்தால் போகாது, கிருமி செத்துவிடும்.)