விமானப் பயிற்சிப் பள்ளி: பணம் கட்டும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணிதம், இயற்பியல் உள்ள குரூப். பைலட் ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். மொத்தம் 52 லட்சம், 14 மாதத்தில் லைசென்ஸ். இந்த மாதமே 5 லட்சம் முன்பணம் கட்டினால் ஹாஸ்டல் இலவசமாம். நம்பலாமா? நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?
நாமக்கல் வாசகர் ஒருவர்

பதில்: இந்த மாதம் அந்த 5 லட்சத்தைக் கட்டவேண்டாம். ஏஜென்ட் நல்லவரா என்ற ஆராய்ச்சி பிறகு இருக்கட்டும். மகளின் மருத்துவத் தகுதிச் சான்று கைக்கு வராமல் எந்தப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள்.

பரிசோதனை இரண்டு கட்டம். முதலில் கிளாஸ் 2. டிஜிசிஏ (மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியல் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. அடுத்தது கிளாஸ் 1. இதற்குக் குறிப்பிட்ட மையங்களுக்குத்தான் போகவேண்டும்; பெங்களூரில் விமானப்படை நடத்தும் வான்வெளி மருத்துவ நிறுவனம் அவற்றில் ஒன்று. சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான சிபிஎல் லைசென்ஸுக்கு கிளாஸ் 1 கட்டாயம். “கிளாஸ் 2 போதும், சேர்ந்துவிடுங்கள், மற்றது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று பள்ளிகள் சொல்வதுண்டு. விதிப்படி அது தவறில்லை. ஆனால் பாதிப் பணம் கட்டியபிறகு இதயத்திலோ காதிலோ ஏதோ இருக்கிறது என்று தெரியவந்தால் நஷ்டம் பள்ளிக்கு அல்ல, உங்களுக்கு. மகள் கண்ணாடி போடுகிறாள் என்றால் பயப்படவேண்டாம், கண்ணாடியோடு பார்வை வரம்புக்குள் இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். சரிசெய்யக்கூடிய குறை என்றால் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதுவார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டு மறுபடி போகலாம்.

மருத்துவ வேலை நடக்கும்போதே காகித வேலையையும் ஆரம்பித்துவிடுங்கள். டிஜிசிஏ தேர்வெழுத ‘கம்ப்யூட்டர் நம்பர்’ என்ற தேர்வர் பதிவெண் வேண்டும். அதற்கு பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கக் கேட்பார்கள். மாநில வாரிய மாணவர்கள் இதற்காக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை அணுகவேண்டும், நாளாகும். அப்புறம் தேர்வுகள்: ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிமுறைகள், டெக்னிக்கல். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. இவை போக, ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர் தேர்வு தனி. குறைந்தது முதல் மூன்று தாள்களையாவது முடித்துவிட்டுப் பறக்கப் போவது நல்லது என்பேன். விமானம் காத்துக்கொண்டிருக்க, மாணவர் நேவிகேஷன் தாளை மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருப்பது எல்லாப் பள்ளிகளிலும் சாதாரணமாக நடக்கிறது. வீட்டிலிருந்தோ கோச்சிங் சென்டரிலோ படிக்க ஆகும் செலவு பள்ளிச் செலவில் சிறு பங்குதான். மகளுக்கு இந்தப் படிப்பு உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்பதும் இந்தச் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

இனி பள்ளி. இதற்கு ஒரு வகுத்தல் கணக்குத் தெரிந்தால் போதும்.

சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுவதையும் ஏற்கும் பைலட்டாக. ஒரு பள்ளி எட்டு விமானம் இருப்பதாக விளம்பரம் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரில் போனால் பறக்கும் நிலையில் ஐந்துதான் இருக்கும். ஒவ்வொன்றும் மாதம் 60 மணி நேரம் பறந்தால் மொத்தம் 300. பறக்கும் கட்டத்தில் உள்ள மாணவர்கள் 75 பேர் என்றால் தலைக்கு 4 மணி நேரம். 200-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 50 மாதம். விளம்பரத்தில் சொன்ன 14 மாதத்தில் முடிக்கவேண்டுமானால், அதே 300 மணி நேரத்தை 21 பேருக்குத்தான் பங்கிடமுடியும். ஆகவே ஏஜென்டிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: “போன மாதம் உங்கள் பள்ளி மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை பேர் பறந்தார்கள்?” பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

அவர் சொல்வதை நேரில் சரிபாருங்கள். வேலைநாள் ஒன்றில், காலை ஆறு மணிக்குப் பள்ளியில் இருக்கும்படி போங்கள். பயிற்சி விமானங்கள் காற்று அமைதியாக இருக்கும் காலையில்தான் அதிகம் பறக்கும். விமானங்கள் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்குள் எட்டிப்பாருங்கள். வால்பகுதியில் ‘விடி’ என்று தொடங்கும் பதிவெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மூடி கழற்றிய விமானம் எல்லாம் ஓரங்கட்டப்பட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயப் பராமரிப்பு உண்டு. எஞ்சினே இல்லாமல், டயரில் காற்றிறங்கி, இறக்கைமேல் தூசி படிந்து நிற்பதுதான் கணக்கில் சேராதது. அன்றைய பறப்புப் பட்டியல் எழுதிய பலகையில் யார் பெயர், எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று இருக்கும். அதில் எத்தனை உண்மையில் கிளம்புகின்றன என்று பத்து மணிவரை எண்ணுங்கள். பிறகு மெஸ்ஸில் டீ குடித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் போய், “எப்போது சேர்ந்தீர்கள், இதுவரை எத்தனை மணி நேரம் ஆகியிருக்கிறது?” என்று கேளுங்கள். பிள்ளைகள் ஒளிக்கமாட்டார்கள். நாலைந்து பேர் சொன்னாலே போதும்.

பயிற்சியாளர்கள் எத்தனை பேர், அடிக்கடி மாறுகிறார்களா என்றும் விசாரியுங்கள். விமானம் இருந்தும் ஆசிரியர் இல்லாமல் தரையில் நிற்பதுண்டு. இரட்டை எஞ்சின் விமானம் பள்ளியிலேயே இருக்கிறதா, ஓடுகிறதா என்பது இன்னொன்று. இல்லையென்றால் கடைசிக் கட்டத்துக்கு வேறு ஊரில் வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். பருவத்தையும் மறக்கவேண்டாம். வடக்கே டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் காலைகளை விழுங்கிவிடும். மேற்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. 14 மாதக் கணக்கில் இவையெல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக்கு டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கிறதா, எதுவரை செல்லும் என்பது இணையதளத்தில் கிடைக்கும். 2025 முதல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசையும் வெளியிடத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் பட்டியலில் எந்தப் பள்ளிக்கும் ‘ஏ’ தரம் கிடைக்கவில்லை. அதனால் தரத்தைப் பார்த்து ஒதுக்கலாமே தவிர, அதை மட்டும் பார்த்துச் சேர்த்துவிடமுடியாது. வடக்கேதான் போகவேண்டும் என்றும் இல்லை. விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஊர்களில் சேலம், கடப்பா, ஹூப்ளி எல்லாம் உண்டு. சேலம் உங்களுக்குப் பக்கம்தான். முதலில் அங்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கும். அரசு நடத்தும் இக்ருவா என்ற பயிற்சிப் பள்ளி உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதவேண்டும், ஏஜென்டுக்கு அங்கே வேலை இல்லை.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். 52 லட்சத்தோடு முடியாது. லைசென்ஸ் வாங்கியபின், ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம் வேண்டும். அதன்பிறகும் வேலை உடனே கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். தவணை பெரும்பாலும் படிப்புக் காலம் முடிந்து ஓராண்டில் தொடங்கும். 50 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றாலும் வருடத்துக்கு 5 லட்சம் வட்டி. 14 மாதம் என்ற பயிற்சி 30 மாதமாக இழுத்தால் இலவச ஹாஸ்டலில் மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டிக்கே போய்விடும்.

இவ்வளவும் பார்த்துத் திருப்தியானால், பணத்தை ஏஜென்ட் கணக்கில் போடாமல் நேராகப் பள்ளியின் கணக்கில் போடுங்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை என்று எழுதி வாங்குங்கள்: முதல் 50 மணி நேரம் முடிந்தால் அடுத்தது, அப்படி. பாதியில் விலகினால் பறக்காத மணி நேரத்துக்கான பணம் எத்தனை நாளில் திரும்பும், எரிபொருள் விலை ஏறினால் யார் ஏற்பது, 200-க்கு மேல் கூடுதல் மணி நேரம் தேவைப்பட்டால் என்ன கட்டணம் என்ற மூன்றும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால்தான் இடம் என்று சொன்னால், அடுத்த பள்ளியைப் பாருங்கள்.