எஞ்சின் கப்பல்கள் ஓடும் காலத்தில் இளைஞர்களுக்குப் பாய்மரக் கப்பலில் பயிற்சி எதற்கு?

நியாயமான கேள்விதான். பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மாலுமியாகப் போவதில்லை. கப்பல் ஒரு சாக்கு. நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யப் பழகுவதுதான் விஷயம்.

பெரிய பாயை ஏற்றும் கயிற்றை ஒற்றை ஆளால் இழுக்க முடியாது. ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். தாளம் தப்பினால் பாய் அசையாது. இழுத்த கயிற்றை மர முளையில் எட்டு வடிவில் சுற்றி நிறுத்துவார்கள். பெரிய கப்பலில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள். எது எந்தப் பாய்க்கு என்பது இருட்டிலும் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, முதல் இரண்டு நாள் வாந்தி வேறு.

பொதுவாக நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. நள்ளிரவில் எழுப்பிச் சுக்கான் சக்கரத்தின் முன் நிறுத்துவார்கள். சக்கரத்தைத் திருப்பியதும் கப்பல் திரும்பிவிடாது, சற்றுத் தாமதிக்கும். புதியவர் பொறுமையிழந்து இன்னும் திருப்புவார். பின்னால் நீரில் விழுந்திருக்கும் தடம் பாம்பாக நெளிந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாய்மரத்தில் ஏறப் பாதுகாப்பு வார் உண்டு. பயந்தவரைப் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை.

1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்குப் பாய்மரக் கப்பல்கள் பந்தயம் ஓடின. அழிந்துவரும் கப்பல்களுக்கு ஒரு வழியனுப்பு விழாவாகத்தான் அதை நினைத்தார்கள். பந்தயம் இன்றும் தொடர்கிறது. கப்பலில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. முன் அனுபவம் தேவையில்லை.