கானுவின் இதயம்

கேள்வி: இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் ஐரோப்பாவில் சாதித்த நைஜீரியக் கால்பந்து வீரர் யார்?
(வாசகர், திருச்சி)

பதில்: நுவான்க்வோ கானு. நெதர்லாந்தின் அயாக்ஸ் அணியுடன் 1995இல், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்று, மறு ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்குத் தலைமையேற்றுத் தங்கமும் பெற்ற கையோடு இத்தாலியின் இன்டர் மிலான் கிளப்பில் சேர்ந்த அவருக்கு, அங்கு நடந்த மருத்துவப் பரிசோதனையில் இதய வால்வில் கோளாறு இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 1997இல் மீண்டும் களமிறங்கினார். 1999இல் லண்டனின் ஆர்சனல் கிளப்புக்கு மாறியவர், அதே ஆண்டு அக்டோபரில், செல்சியின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் பின்தங்கியிருந்த தம் அணிக்காகக் கடைசிக் கால் மணி நேரத்தில் மூன்று கோல் அடித்து வெற்றி தேடித் தந்தார். கோல்கீப்பரை ஏய்த்துவிட்டு, எல்லைக்கோட்டின் ஓரத்திலிருந்து வளைத்து அடித்த அந்த மூன்றாவது கோல், என் கணக்கில், பதக்கங்களைவிட மேலானது. 2008இல் போர்ட்ஸ்மவுத் கிளப்புக்கு, இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை இறுதிப் போட்டியில் பெற்றுத் தந்த ஒரே கோலும் அவருடையதே.