ஒரே விதை, இரண்டு உயரம்: மேல் தோட்டத்தில் பூசணி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: ஒரே மலையில் சுமார் 500 மீட்டர் உயரத்தில் ஒரு நிலமும் 1,500 மீட்டர் உயரத்தில் மற்றொரு நிலமும் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே விதையைக் கொண்டு தக்காளியும் பூசணியும் பயிரிட்டேன். உரமிடுவதும் மருந்து தெளிப்பதும் ஒரே கால அட்டவணைப்படிதான். கீழ் நிலத்தில் தக்காளி நட்ட 70 நாளில் பழுக்கத் தொடங்கியது. மேல் நிலத்தில் 100 நாள் கடந்தும் காய்கள் பச்சையாகவே நிற்கின்றன. பூசணி நிறையப் பூத்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்கின்றன. வெள்ளை ஈ இல்லை, ஆனால் இலைகள் கருகுகின்றன. இட்ட தொழுவுரம் கட்டி கட்டியாகவே கிடக்கிறது. நிலத்தின் பள்ளமான மூலையில் எல்லாமே இன்னும் மோசம். குறை விதையிலா, மண்ணிலா?

பதில்: விதையிலும் மண்ணிலும் குறை இருப்பதாக உங்கள் விவரங்களைப் பார்த்தால் தோன்றவில்லை. கீழ் நிலத்துக்கு வகுத்த அட்டவணையை அப்படியே மேலே கொண்டு சென்றதுதான் சிக்கல். நிலங்கள் இரண்டும் ஒரே மலையில் இருந்தாலும், அவற்றில் வாழும் உயிர்க்கூட்டம் ஒன்றல்ல.

தட்பவெப்பத்திலிருந்து தொடங்குவோம். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. வறண்ட காற்று மேலெழும்போது இந்தக் குறைவு 10 டிகிரியை நெருங்கும். மேகம் திரளும் ஈரக்காற்றில் அதைவிடக் குறைவாக இருக்கும். தக்காளி சுமார் 10 டிகிரிக்குமேல் கிடைக்கும் வெப்பத்தை நாள்தோறும் சேர்த்து வைத்துத்தான் வளர்கிறது என்று கொள்ளலாம். கீழே ஒரு நாளின் சராசரி வெப்பம் 27 டிகிரி என்றால் அந்த நாளின் சேமிப்பு 17. 70 நாளில் 1,190. மேலே சராசரி 20.5 டிகிரியானால் நாளொன்றுக்கு 10.5 மட்டுமே சேரும். அதே 1,190ஐ எட்ட 113 நாட்கள் ஆகும். ஆகவே உங்கள் செடிகள் பிந்தவில்லை, அவற்றின் கணக்குப்படி சரியாகவே வளர்கின்றன. இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். அவசரப்பட்டு மேலுரம் இட்டால் இலை தழைக்குமே தவிரக் காய் முந்திப் பழுக்காது. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களில் தக்காளியின் மகரந்தம் நலிவதால் காய்ப்பிடிப்பு குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஆனால் குளிர்ச்சி மட்டுமே காரணம் என்று எண்ணிவிட்டால் பூசணிக்கும் தொழுவுரத்துக்கும் விடை கிடைக்காது. 1802இல் ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபோன் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரிலுள்ள சிம்போராசோ என்ற எரிமலையில் ஏறி, அடிவாரக் காடு முதல் பனிக்கோடு வரை தாவரங்கள் பட்டை பட்டையாக மாறுவதைப் படமாக வரைந்தார். ஏறுபவர் சில நாள் நடையில் காண்கிற இந்த மாற்றத்தைச் சமவெளியில் காண வேண்டுமானால் துருவத்தை நோக்கி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கும். தாவரம் மாறும்போது அதை உண்ணும் பூச்சியும், பூச்சியைத் தின்னும் உயிரும், இலைச்சருகை மக்கச் செய்யும் உயிரும் கூடவே மாறுகின்றன. எனினும் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. உயரே போகப் போக உயிரின வகைகள் சீராகக் குறையும் என்று பலரும் கருதுவதும் முழு உண்மையன்று. பல மலைகளில், குறிப்பாக அடிவாரம் வறண்டும் நடுச்சரிவு மேகத்தால் நனைந்தும் இருக்கும் மலைகளில், வகைகள் நடுச்சரிவில்தான் மிகுதியாக இருக்கின்றன. உங்கள் மேல் நிலம் உயிர் குறைந்த இடம் என்று முடிவு கட்ட வேண்டாம். அங்குள்ளவை வேறு உயிர்கள், அவ்வளவே.

இனிப் பூசணிக்கு வருவோம். பூசணியின் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியானவை. விடியற்காலையில் விரியும் பூ நண்பகலுக்குள் வாடி மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீ ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தைப் போதிய அளவு கொண்டு சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்வது இயல்பு. கீழ் நிலத்தில் விடியும்போதே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். பூவும் தேனீயும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. மேலேயோ காலை மூடுபனி விலகி வெயில் உறைக்கும் வரை தேனீக்கள் கூட்டை விட்டுப் பெரும்பாலும் வெளியேறுவதில்லை. 12, 13 டிகிரிக்குக் கீழே அவற்றின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். அவை கிளம்பி வரும்போது பூவின் நேரம் பாதி கடந்திருக்கும். பம்பிள் தேனீக்கள் வாழும் மலைகளில் இந்தக் குறை ஓரளவு நீங்கும். உடலெங்கும் அடர்ந்த மயிருள்ள அவை பறப்புத் தசைகளை அதிரச் செய்து தம் உடலைத் தாமே சூடேற்றிக் கொண்டு குளிரிலும் பறக்கக்கூடியவை. (அதனினும் உயரே, மரங்கள் நின்றுபோகும் எல்லைக்கு அப்பால், மகரந்தச் சேர்க்கையின் பெரும்பகுதியை ஈக்களே செய்கின்றன. ஈயைக் கண்டால் விரட்டுபவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.)

எனவே அடுத்த பருவத்தில் பூசணியைக் கிழக்கு நோக்கிய சரிவில் நடுங்கள். காலை வெயில் முதலில் படும் பூவைத்தான் தேனீயும் முதலில் தேடி வரும். இந்தப் பருவத்தில் மிச்சமிருக்கும் பெண் பூக்களுக்கு, விரிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கிவிட்டுச் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். பத்துப் பூவுக்குச் செய்து பாருங்கள். அவை காய்த்து, தடவாத பூக்களின் பிஞ்சுகள் உதிர்ந்தால் காரணம் இதுதான் என்பது உங்கள் கண்ணெதிரே உறுதியாகிவிடும். நிலத்தின் வரப்புகளிலும் வெயில் படும் மேட்டிலும் காட்டுப் பூச்செடிகளை வெட்டாமல் விடுவதும், மண்ணில் வளை தோண்டி வாழும் தேனீக்களுக்காகச் சிறிது இடத்தை உழாமல் விடுவதும் பயன் தரும்.

வெள்ளை ஈ காணாததும் இலை கருகுவதும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். வெள்ளை ஈயும் அது பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரியும் வெப்பத்தில் செழிப்பவை. பின்பருவ இலைக்கருகலோ குளிரும் ஈரமும் சேர்ந்த இடத்தை விரும்பும். இலைகளில் நீர் முத்துகள் பல மணி நேரம் நிற்பதும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருப்பதும் அதற்கு மிக ஏற்ற நிலை. இலையின் அடிப்பக்கத்தில், கருகிய பகுதியின் விளிம்பில், காலை வேளையில் வெண்மையான பூசணப் படலம் தெரிந்தால் நோய் அதுவே. அப்படியானால் வெள்ளை ஈக்காக நீங்கள் தெளித்த மருந்து மேல் நிலத்தில் வீண் செலவு. மூடுபனிக் காலத்துக்கு முன்பே காப்பாகத் தாமிரப் பூசணக்கொல்லி தெளிப்பதும், செடிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி, தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தருவதும்தான் அங்கே தேவை. கருகிய செடிகளை வயலிலேயே போட்டு வைக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

பூச்சி குறைவு என்பதாலேயே மேல் நிலம் பாதுகாப்பானது என்று கொள்ளவும் கூடாது. குளிரில் காய்ப்புழு மெதுவாக வளர்வதால் அதன் தலைமுறைகள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் புழுவைத் தின்னும் உயிர்களும் குறைகின்றன. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், உலகின் 31 இடங்களில் ஏறத்தாழ 2,900 களிமண் புழுப் பொம்மைகளை இலைகளில் ஒட்டி, அவற்றின்மேல் பதிந்த கடித் தடங்களை எண்ணினார்கள். துருவத்தை நோக்கியும் உயரத்தை நோக்கியும் செல்லச் செல்லத் தாக்குதல் குறைந்தது. அந்தக் குறைவுக்குப் பறவைகள் காரணமல்ல, எறும்பு போன்ற கணுக்காலிகளே காரணம் என்று தெரியவந்தது. கீழ் நிலத்தில் எறும்புகள் செய்து முடிக்கும் வேலையை மேலே நீங்களே வாரம் ஒருமுறை செடிகளைப் புரட்டிப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கும். புழுவுக்கு பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா) நுண்ணுயிரி மருந்து பயன்படுத்துவதானால் மாலையில் தெளியுங்கள். உயரத்தில் புற ஊதாக் கதிர் மிகுதி. அது அந்த மருந்தை விரைவாகச் சிதைத்துவிடும்.

தொழுவுரம் கட்டியாகக் கிடப்பதற்கும் இதே விளக்கம்தான். மண்ணின் நுண்ணுயிர்களுடைய செயல் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கறையான் முதலிய பெரிய உயிர்களும் உயரத்தில் அருகிவிடுகின்றன. இதனால்தான் மலை மண் கறுத்து, கரிமச் சத்து மிகுந்து காணப்படுகிறது. ஆனால் அந்தச் சத்து பூட்டிய பெட்டியில் உள்ள தானியம் போன்றது, பயிருக்கு உரிய நேரத்தில் கிடைப்பதில்லை. பச்சைச் சாணத்தை மேலே சுமந்து செல்லாமல் கீழ் நிலத்தின் வெப்பத்திலேயே நன்றாக மக்க வைத்து, நடவுக்கு முன்கூட்டியே மேலே இடுங்கள். மழை மிகுந்த சரிவுகளில் சுண்ணாம்புச் சத்து கரைந்தோடி மண் புளித்துப்போவது வழக்கம் என்பதால் கார அமில நிலையைச் சோதித்துப் பாருங்கள்; அது 5.5க்குக் கீழே இருந்தால் மட்டும், சோதனை பரிந்துரைக்கும் அளவில் சுண்ணாம்பு இடலாம்.

பள்ளமான மூலையைப் பற்றிய உங்கள் கவனிப்பு மிக நல்லது. உயரே போனால் குளிரும் என்ற விதி இரவில் அங்கே தலைகீழாகிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று கனமாகி, நீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அங்கே பனித்துளியும் நெடுநேரம் நிற்பதால் கருகல் முதலில் அந்த மூலையில் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். மூலையின் கீழ்ப்புறத்தில் அடர்ந்த வேலி இருந்தால் அது அணைபோலக் குளிர்காற்றைத் தடுத்து நிறுத்தும். வேலியில் இரண்டு மூன்று இடங்களில் அகலமான இடைவெளி விட்டால் காற்று வெளியேறிவிடும். அப்படிச் செய்தும் மாறாவிட்டால் அந்த மூலையில் தக்காளியைக் கைவிட்டு, குளிரைத் தாங்கும் முட்டைக்கோஸ் போன்ற பயிரை வையுங்கள்.

இவை எல்லாம் நிலையான கோடுகளும் அல்ல. ஹம்போல்ட் ஏறிய சிம்போராசோவில் 2012இல் மீண்டும் ஏறிப் பார்த்தவர்கள் தாவர எல்லைகள் மேலே நகர்ந்திருப்பதைக் கண்டார்கள். எத்தனை மீட்டர் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, மேல்நோக்கி நகர்ந்ததில் இல்லை. இன்று உங்கள் கீழ் நிலத்தோடு நிற்கும் வெள்ளை ஈ சில ஆண்டுகளில் மேலேயும் வரக்கூடும். ஆகவே இரு நிலங்களிலும் நிழலில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, நாளின் உச்ச, தாழ்ந்த வெப்பத்தைக் குறித்து வாருங்கள். மேல் நிலத்தில் ஒன்றிரண்டு மஞ்சள் ஒட்டும் அட்டைகளையும் வைத்து வாரந்தோறும் அதில் ஒட்டியவற்றை எண்ணுங்கள். அடுத்த பருவத்தில் மேல் நிலத்துக்குக் குறைந்த நாளில் விளையும், கருகலைத் தாங்கும் தக்காளி ரகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, நடவு நாளையும் தெளிப்பு நாளையும் அந்தக் குறிப்புகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.